துருப்பிடித்த உலையைப் பார்க்க இவ்வளவு தூரமா?

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் டூசல்டார்ஃப் நகரத்தில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் கணவரும் போகிறோம். பக்கத்தில் டூயிஸ்பர்க் என்ற ஊரில் பழைய இரும்பு ஆலையைப் பூங்காவாக்கி இருக்கிறார்களாம். ஒரு நாள் அங்கேதான் என்கிறான். துருப்பிடித்த உலையில் பார்க்க என்ன இருக்கிறது? கணவருக்கு 68 வயது, முழங்கால் வலி வேறு.
- ஒரு வாசகி

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. மதியம் போய், இருட்டிய பிறகு திரும்புங்கள்.

என் அப்பா வார்ப்படப் பட்டறையில் மோல்டராக, அதாவது மணலில் அச்சு செய்பவராக இருந்தவர். எத்தனை முறை குளித்தாலும் காதோரம் கருப்பு மணல் ஒட்டியிருக்கும். பட்டறையை மூடினார்கள், இடித்தார்கள். "தாத்தா எங்கே வேலை செய்தார்?" என்று என் மகள் கேட்டபோது, காட்டுவதற்கு ஒரு சுவர்கூட மிச்சமில்லை. அந்தக் குறையோடுதான் நான் டூயிஸ்பர்க் போனேன்.

ஆகஸ்ட் தைசன் என்ற தொழிலதிபர் 1901-இல் தொடங்கிய ஆலை அது, 1985-இல் மூடப்பட்டது. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வடிவமைக்க வந்த பீட்டர் லாட்ஸ், உலைகளையும் குழாய்களையும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு அவற்றுக்குப் புது வேலை கொடுத்தார். 1994-இல் பூங்கா திறந்தது. தாது கொட்டி வைத்த தொட்டிகளின் தடித்த கான்கிரீட் சுவர்களில் இப்போது மலையேறப் பழகுகிறார்கள். எரிவாயு சேமித்த 45 மீட்டர் அகலமுள்ள உருளைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 13 மீட்டர் ஆழத்துக்கு முக்குளிக்கிறார்கள். வார்ப்புக் களத்தில் கிடந்த கனத்த இரும்புத் தகடுகள் 49-ஐ எடுத்து ஒரு முற்றம் அமைத்திருக்கிறார்கள். சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷர் ஆற்றின் கழிவு இன்று நிலத்தடிக் குழாயில் போகிறது. மேலே மழைநீர் ஓடுகிறது.

செடிகளையும் கவனியுங்கள். வெளிநாட்டுத் தாதுவோடு விதைகளும் வந்து இறங்கி, இங்கேயே வேர்பிடித்துவிட்டன. தண்டவாளங்களுக்கு நடுவே பிர்ச் மரங்கள் தாமாகவே முளைத்து நிற்கின்றன. பூச்செடி வரிசைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். எனக்கோ அந்தக் காடுதான் பிடித்தது.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். பூங்காவின் பெரும்பகுதி சமதரைதான், அவசரமில்லாமல் நடக்கலாம். ஐந்தாம் உலையின் உச்சிக்கு, சுமார் 70 மீட்டர், இரும்புப் படி ஏற வேண்டும்; அவர் ஏற வேண்டாம். நீங்கள் மகனோடு ஏறுங்கள், தட்டையான காலணி போட்டுக்கொண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. டூயிஸ்பர்க் ரயில் நிலையத்திலிருந்து 903 எண் டிராம் போகிறது. வார இறுதி என்றால் நல்லது. உலைகளுக்கு வண்ண விளக்கு போடுவார்கள்.

அவர் கீழே காத்திருக்கும் நேரத்தில் வார்ப்புத் தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உருகிய இரும்பு ஓடிய ஓடைகள் தரையில் இருக்கும். நான் அதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அன்றிரவே போன் செய்தார். "இரும்பு கனம், அடியில போகும். கசடு லேசு, மேல மிதக்கும். அதைத் தடுத்துப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிடுவாங்க. அந்தப் பிரிவை நல்லாக் கிட்டப் போய் எடுத்து அனுப்பும்மா" என்றார். மறுநாள் அதற்காகவே இன்னொரு முறை டிராம் ஏறினேன்.