உலாவி நீட்சி கற்க விரும்பும் மகளின் பெற்றோருக்கு

இரண்டாம் ஆண்டு பி.சி.ஏ. பயிலும் தங்கள் மகள், குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளின் கருவிப்பட்டையில் அமர்ந்து அவற்றுக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களான நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) உருவாக்கக் கற்க விரும்புகிறார் என்றும், அது வேலைக்கு உதவாமல் போய்விடுமோ என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீட்சி உருவாக்குவதற்கென்றே தனி வேலைகள் அரிது என்பது உண்மைதான். ஆயினும் அதற்கு வேண்டிய எச்டிஎம்எல் (பக்கத்தின் அமைப்பு), சிஎஸ்எஸ் (தோற்றம்), ஜாவாஸ்கிரிப்ட் (இயக்கம்) ஆகிய மூன்றுமே இணையதளம் உருவாக்கும் பணிகளுக்கும் அடித்தளம் என்பதால், அவரைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இதற்குக் கட்டணப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. எழுதிய கோப்புறையை குரோமில் டெவலப்பர் மோட் என்னும் உருவாக்குநர் அமைப்பை இயக்கி நேரடியாக ஏற்றிப் பார்க்கலாம். ஃபயர்பாக்ஸ் தளத்தில் வெளியிடக் கட்டணம் இல்லை. குரோம் அங்காடியில் ஒருமுறை 5 டாலர் செலுத்தினால் போதும். பழைய பாடங்களை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57, பழைய வகை நீட்சிகளை அடியோடு கைவிட்டது. குரோமில் இப்போது மேனிஃபெஸ்ட் (நீட்சியின் விவரங்களைக் கூறும் கோப்பு) மூன்றாம் பதிப்பே செல்லும்.

முதல் முயற்சியாக, ஒரு பக்கத்தில் தேர்ந்தெடுத்த தமிழ்ப் பகுதியின் எழுத்துகளை எண்ணிச் சொல்லும் நீட்சியை அவர் செய்து பார்க்கலாம். எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் பாடம் நிறைய இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால், மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணி 5 என்று சொல்லும். நாம் எண்ணுவது போல 3 என்ற விடை வர வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டில் உள்ள Intl.Segmenter என்னும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். பொத்தானுக்கான கட்டளையை எச்டிஎம்எல் வரிக்குள்ளேயே எழுதினால் உலாவியின் பாதுகாப்பு விதி அதை இயங்க விடாது. தனி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில்தான் எழுத வேண்டும். ஐகானைச் சொடுக்கும்போது திறக்கும் சிறு சாளரம், வெளியே சொடுக்கியதும் மூடிக்கொள்ளும். அதிலிருந்த தகவலும் மறைந்துவிடும் என்பதால், அதை உலாவியின் சேமிப்பகத்தில் வைக்கக் கற்றுக்கொள்வார். இத்தகைய இடங்களில் திணறித் தாமே வழி கண்டவரை நேர்முகத் தேர்வில் எளிதாக அடையாளம் காண முடியும்.

அனுமதிகளில் அவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி கேட்கும் நீட்சி, பயனரின் மின்னஞ்சலையும் வங்கிப் பக்கத்தையும்கூடப் பார்க்க வல்லது. இந்த எழுத்தெண்ணிக்கு, பயனர் ஐகானைச் சொடுக்கிய அந்தத் தாவலை மட்டும் அணுகும் அனுமதியே போதும். ஏன் அதற்கு மேல் கேட்கவில்லை என்று விளக்கத் தெரிந்த மாணவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

முடித்த நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹபில் ஏற்றி, அதன் முகவரியைத் தன்விவரக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் வளாகத் தேர்வில் பெரும்பாலும் முதலில் வருவது திறனறித் தேர்வு. அதன்பின் டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை நிரலில் அடுக்கி வைக்கும் முறைகள்), டேட்டாபேஸ் (தரவுத்தளம்) பற்றிக் கேட்பார்கள். வாரநாட்களை அவற்றுக்கே ஒதுக்கி, நீட்சிக்கு வார இறுதியை மட்டும் கொடுக்கட்டும்.