கனத்த இசை, விசித்திர இசை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மெட்டல், டூம் (ஆமை வேக மெட்டல்), ட்ரோன் (ஒரே ஒலி நீண்டுகொண்டே போவது), நாய்ஸ் (இரைச்சல் இசை), இன்னும் பெயர் வைக்க முடியாத சில வகைகள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "இதெல்லாம் வெறும் சத்தம்தானே?" என்று ஒருவர் மட்டும்தான் கேட்டிருந்தார். அவருக்கும் நடுவில் பதில் இருக்கிறது.

கேள்வி: எனக்குப் பிடித்த டூம், ஸ்லட்ஜ் (டூமின் கரடுமுரடான உறவு) பாடல்களை இருபது இருபதாகப் பட்டியல் போட்டு நண்பர்களுக்கு அனுப்புகிறேன். "சூப்பர், கேக்கிறேன்" என்று பதில் வரும். அதோடு சரி. ஒருவரும் கேட்பதில்லை.

இருபது பாட்டை அனுப்பினால் அது வீட்டுப்பாடம். யார் செய்வார்கள்? ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு அனுப்புங்கள். அது உங்களுக்கு உயிரான பாட்டாக இருக்க வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே கேட்கிற இசையிலிருந்து ஓரடி மட்டும் தள்ளி இருந்தால் போதும். சினிமா பின்னணி இசையில் மூழ்குகிறவருக்குக் கனடாவின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவைக் கொடுங்கள். வயலினும் கிட்டாரும் மெல்ல மெல்ல ஏறி ஒரு கட்டத்தில் கூரையைப் பிய்க்கும். பாட்டுக் குரலே கிடையாது என்பதால் "கத்துறாங்க" என்ற புகாருக்கும் இடமில்லை. எலக்ட்ரானிக் இசைக்காரருக்குக் காட்ஃப்ளெஷ்ஷின் 'ஸ்ட்ரீட்கிளீனர்', 1989இல் வந்த ஆல்பம். அதில் டிரம்ஸ் வாசிப்பது மெஷின், அதனால் அவர் காதுக்கு அது பழகிய இடம். ஜாஸ் கேட்பவருக்குக் கிங் கிரிம்சனின் 'ரெட்' (1974). அது பிடித்துவிட்டால் அப்புறம் ஜான் ஜோர்னின் 'நேக்கட் சிட்டி'.

கூடவே ஒரு வரி எழுதுங்கள். "செம, கேள்" என்று எழுதினால் பயனில்லை. "நாலாவது நிமிடத்தில் பாஸ் மட்டும் தனியாக நிற்கும், அங்கே கவனி" என்பது போல இருக்க வேண்டும். காதுக்கு ஒரு வேலை கிடைத்தால் ஆள் அதுவரையாவது கேட்பார். அப்புறம் சும்மா இருந்துவிடுங்கள். மறுநாள் காலையில் "கேட்டியா?" என்று மட்டும் நிற்காதீர்கள்.

கேள்வி: "கனம்" என்று எல்லோரும் சொல்கிறோம். அது எங்கிருந்து வருகிறது? கிட்டாரைச் சுருதி இறக்கினால் கனம் வந்துவிடுமா?

இறக்கினால் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. பிளாக் சப்பாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியின் கதை பலருக்குத் தெரியும். 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவதே அந்தக் கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்தியின் இறுக்கத்தைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்கள் மூன்று அரைச்சுரம் கீழே இருக்கின்றன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. 1970இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் சாதாரணச் சுருதியில்தான் இருக்கிறது. இருந்தும் அதன் முதல் பாட்டைப் போல் கனத்த பாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றே சுரம். அதில் ஒன்று அடிச் சுரத்தோடு ஒட்டாமல் உறுத்தும் ட்ரைடோன். வேகம் ஆமை வேகம். நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பயம் இருக்கிறது.

இன்னொரு காரணம் டிஸ்டார்ஷன். ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) தாங்க முடியாத அளவு சிக்னலைக் கொடுத்தால் அலையின் தலை வெட்டுப்படும். அப்போது கிட்டாரில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. பவர் கார்டு என்பது இரண்டு சுரத்தைச் சேர்த்து அடிப்பது. அதில் அடிச் சுரமும் ஐந்தாம் சுரமும் 2க்கு 3 என்ற விகிதம். அவற்றின் வித்தியாசம் 1, அதாவது அடிச் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத ஒரு பாஸ் சுரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாம் சுரத்தையும் சேர்த்துப் பாருங்கள், குழம்பிப் போகும். மெட்டலில் பவர் கார்டு இவ்வளவு புழங்குவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஒரு நடைமுறை விஷயம்: இவ்வளவையும் போன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டாதீர்கள். 70 ஹெர்ட்ஸ் சுரத்தின் அடிப்பகுதி அதில் வராது. கொசு ரீங்காரம்தான் கேட்கும்.

கேள்வி: அந்த உறுமல் குரல்தான் எனக்குத் தடை. ஒரு சொல் புரியவில்லை. பாடுகிறவர்களுக்குத் தொண்டை கிழிந்துவிடாதா?

சரியாகச் செய்பவர்களுக்குக் கிழியாது. குரல்நாண்களுக்குச் சற்று மேலே 'பொய்க் குரல்நாண்கள்' என்று இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. உறுமலில் பெரும்பாலும் அதிர்வது அதுதான். ரஷ்யாவின் துவா பகுதியின் தொண்டைப் பாடகர்கள் 'கார்கிரா' என்ற ஆழ்ந்த பாணியில் பயன்படுத்துவதும் அதே மடிப்புகளைத்தான். வெறுமனே கத்தினால் குரல் போய்விடும், வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

சொல் புரியவில்லை என்பதைப் பொறுத்தவரை, அந்தக் குரலை ஒரு வாத்தியமாகக் கேட்டுப் பாருங்கள். அப்படியும் ஒட்டவில்லையா? குரலில்லாத குழுக்களே ஏராளம். எதற்குக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டும்?

கேள்வி: சன் ஓ குழுவை ஒருவர் பரிந்துரைத்தார். பத்து நிமிடம் ஒரே கார்டு. தூங்கிவிட்டேன். எதைக் கேட்க வேண்டும் அதில்?

தூங்கியதில் தப்பில்லை, பலரும் அதற்காகவே போடுகிறார்கள். இந்த ட்ரோன் வகைக்கு முன்னோடி எர்த் என்ற குழு. 1993இல் வந்த 'எர்த் 2'வில் மூன்றே பாட்டு, மொத்தம் 70 நிமிடத்துக்கு மேல். அதன் பாதிப்பில் 1998இல் தொடங்கியதுதான் சன் ஓ. பெயரே ஒரு பழைய ஆம்ப் கம்பெனியின் பெயர்.

கார்டு மாறவில்லை என்பதால் காது மெல்ல உள்ளே போகிறது. அடித்த கணம், அது அடங்கும்போது மேலே எழும் கிளைச்சுரங்கள், இரண்டு கிட்டார்கள் மயிரிழை விலகி நிற்பதால் வரும் அலையலையான துடிப்பு, பிறகு ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் கிட்டாருக்கே திரும்பிப் போவதால் வரும் ஊளை). தம்பூரா மட்டும் தனியாக ஒலிப்பதைக் கண்மூடிக் கேட்டவருக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. ஸ்பீக்கரில் போட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். மூலையில் பாஸ் பெருகும், வேறொரு இடத்தில் காணாமல் போகும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் செய்கிற வேலை அது.

உங்களுக்குக் கொடுத்தவர் தவறான வாசல் வழியாகக் கூட்டிப் போயிருக்கிறார். 'மோனோலித்ஸ் அண்ட் டைமென்ஷன்ஸ்' (2009) ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஆலிஸ்' கேளுங்கள். ஜாஸ் ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் நினைவில் செய்தது. முடிவில் கிட்டார்கள் விலகி டிராம்போனும் ஹார்ப்பும் வரும்.

கேள்வி: டிரம்ஸ் பழகுகிறேன். மெஷுகா என்ற மெட்டல் குழுவைக் கேட்டால் எண்ணிக்கை தவறிக்கொண்டே இருக்கிறது. அது என்ன தாளம்?

பெரும்பாலும் சாதாரண நாலு எண்ணிக்கைதான்! கிட்டாரையும் கிக் டிரம்மையும் (காலால் அடிப்பது) எண்ணுவதால்தான் தவறுகிறது. சிம்பலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், அது நேராக நடக்கும். ஸ்னேர் மூன்றாவது எண்ணில் விழும். கிட்டாரும் கிக்கும் சேர்ந்து ஒற்றைப்படை நீளச் சொற்கட்டு ஒன்றை அதன்மேல் ஓட்டும். உதாரணத்துக்கு ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்று) 16 நுண்ணெண்ணிக்கை என்று வையுங்கள். எட்டு பாருக்கு 128. சொற்கட்டின் நீளம் 23 என்றால் ஐந்து முறை ஓடி 115இல் நிற்கும். மீதி 13க்கு அதே சொற்கட்டைப் பாதியில் வெட்டிவிட்டு, எல்லாரும் சேர்ந்து சமத்துக்கு வருவார்கள். கழுத்தை சிம்பலுக்கு ஆட்டுங்கள், காலைக் கிக்குக்குப் பழக்குங்கள்.

கேள்வி: மெர்ஸ்பௌ கேட்டேன். டிவி கெட்டுப்போன சத்தம். இதை இசை என்பது மோசடி இல்லையா? எல்லாம் வெறும் சத்தம்தானே?

சத்தம்தான், ஆனால் மோசடி இல்லை. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸோலோ 1913லேயே இரைச்சலை இசையாக்க வேண்டும் என்று அறிக்கை எழுதி, அதற்கென்று பெட்டிகளும் செய்தார். ஜப்பானின் மெர்ஸ்பௌ, அதாவது மசாமி அகிதா, 1979 முதல் இதைச் செய்துவருகிறார். ராக் பாடகர் லூ ரீட் 1975இல் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்' முழுக்க கிட்டார் ஃபீட்பேக். கேலிக்குத்தான் செய்தார் என்று பலர் சொன்னார்கள். பிற்பாடு ஸைட்கிராட்ஸர் என்ற ஜெர்மன் குழு அதைக் குறிப்பெழுதி வயலின், டூபா போன்ற வாத்தியங்களில் மேடையில் வாசித்தது. தற்செயலான குப்பையை அப்படி உட்கார்ந்து எழுதியிருப்பார்களா?

இத்தனையும் சொன்னாலும் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. நான் மெர்ஸ்பௌவை அபூர்வமாகத்தான் போடுவேன். யாருக்கும் முதல் பாட்டாகக் கொடுக்கவே மாட்டேன். அப்படிக் கொடுப்பவர்கள் இசையைப் பகிரவில்லை, ஆளைச் சோதிக்கிறார்கள்.

கேள்வி: உலகிலேயே சின்னப் பாட்டு?

நேபாம் டெத் குழுவின் 'யூ சஃபர்', ஒன்றேகால் வினாடிக்குச் சற்றே கூடுதல். 1987இல் வந்த 'ஸ்கம்' ஆல்பத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக்தான் பிறகு காட்ஃப்ளெஷ்ஷில் எல்லாவற்றையும் மெதுவாக்கினார். இரண்டாம் பக்கத்தில் பாடிய லீ டோரியன் கதீட்ரல் என்ற டூம் குழுவைத் தொடங்கினார். மிக வேகமாக ஓடியவர்கள் மிக மெதுவாக நடக்கப் போய்விட்டார்கள்.

கேள்வி: இசை அருமை, செய்தவர் கொடூரமானவர். அதைப் பகிரலாமா?

பர்ஸம் என்ற பிளாக் மெட்டல் இசைத் திட்டம் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் செய்த வார்க் விக்கர்னஸ் சக இசைக்கலைஞரைக் கொன்றதற்கும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்கும் 1994இல் 21 ஆண்டு தண்டனை பெற்றவர். அந்த ஒலி பிளாக் மெட்டலை எவ்வளவு பாதித்தது என்பதை மறுக்க முடியாது. நான் பகிர்வதில்லை. நீங்கள் பகிர்ந்தால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நண்பர் பாட்டை விரும்பிய பிறகு தானாகத் தேடித் தெரிந்துகொள்ளும்படி விடுவது சரியில்லை.

கேள்வி: எவ்வளவு சத்தமாக வைக்கலாம்?

85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கச்சேரிக்குக் காதடைப்பான் எடுத்துப் போங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

கேள்வி: நண்பர் ஆசையாகக் கொடுத்த ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது?

எந்த இடத்தில் விட்டுப் போனீர்கள் என்று சொல்லுங்கள். "மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் சத்தம் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, அங்கே நிறுத்திவிட்டேன்." முழுசாகக் கேட்டதாகப் பொய் சொன்னால் அதே மாதிரி இன்னும் நாலு வரும்.

கேள்வி: வீட்டில் என் மனைவிக்கு டிஸ்டார்ஷனே ஆகாது. இரண்டு பேரும் சேர்ந்து கேட்கும்படி ஏதாவது உண்டா?

மேலே சொன்ன எர்த் குழு 2005இல் டிஸ்டார்ஷனைப் பெரும்பாலும் கழற்றி வைத்துவிட்டு 'ஹெக்ஸ்' என்று ஒரு ஆல்பம் செய்தது. அதே மெதுவான நடை, ஆனால் கிட்டார் தெளிவாக, வெட்டவெளி மாதிரி ஒலிக்கும். மெல்லிய ஒலியில் வையுங்கள். அது ஒத்துப்போனால் அடுத்து ஜப்பானின் போரிஸ் செய்த 'ஃப்ளட்' (2000). ஒரே பாட்டு, 70 நிமிடம், நான்கு பகுதி. ஆரம்பத்தில் சாது, ஆனால் மூன்றாவது பகுதியில் டிஸ்டார்ஷன் வரும், அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.