வருமானம் குறைந்த அம்மாவுக்கு எந்த மெடிகேர் திட்டம்?

அமெரிக்காவில் இருக்கும் அம்மாவுக்கு வருமானம் குறைவு, பல், கண்ணாடி எல்லாம் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனங்கள் வழியே தருவது) சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மாநில மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) அலுவலகத்தில் மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம் என்ற உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால், டாக்டர் செலவுகளுக்கான மெடிகேர் பகுதியான பார்ட் பி-யின் பிரீமியத்தை (2025இல் வழக்கமாக மாதம் 185 டாலர்) மாநிலமே கட்டிவிடும், மருந்துச் செலவைக் குறைக்கும் எக்ஸ்ட்ரா ஹெல்ப்பும் தானாக வந்துவிடும்.

அப்புறம்தான் ஒப்பீடு. அம்மாவின் மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி, எந்தத் திட்டம் அவற்றைத் தருகிறது என்று ஒவ்வொரு பெயரையும் மெடிகேர் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வழக்கமான டாக்டர் திட்டத்தின் நெட்வொர்க்கில் (அதோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள் பட்டியலில்) இருக்கிறாரா என்று கிளினிக்குக்கே போன் போட்டுக் கேளுங்கள். டிவி விளம்பரத்தில் வரும் மளிகை வாங்கும் கார்டு எல்லோருக்கும் கிடையாது, 'பல் வைத்தியம் உண்டு' என்பது வெறும் சுத்தம் செய்வதோடு நின்றுவிடலாம். திட்டம் மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. குழப்பமாக இருந்தால் ஷிப் (SHIP) என்ற மாநில மெடிகேர் ஆலோசனைச் சேவையின் ஆலோசகர்களிடம் இலவசமாகவே கேட்கலாம்.