'கருணை'க்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்? – வாசகர் கேள்வி பதில்

போட்டித் தேர்வுக்காக ஆயிரம் கடினமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்திருக்கிறேன். வாசித்தால் புரிகிறது. கட்டுரையில் எழுதினால் 'இங்கே பொருந்தாது' என்று சிவப்பு மையில் சுழித்துவிடுகிறார்கள். எங்கே பிசகு?
– வாசகி, திண்டுக்கல்

பிசகு உங்கள் நினைவாற்றலில் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்று போட்டிருக்கும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 'கருணை'யையே பாருங்கள். மரண தண்டனைக் கைதி குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது கருணை மனு. ஆங்கிலத்தில் அது 'மெர்சி'. பணியில் இருக்கும்போது இறந்த அரசு ஊழியரின் வாரிசுக்குக் கிடைப்பது கருணை அடிப்படையில் வேலை, அது 'கம்பேஷனேட்'. தேர்வில் போடும் கருணை மதிப்பெண் 'கிரேஸ்'. பட்டியலோ 'க்ளெமன்சி'க்கும் கருணை, 'லீனியன்சி'க்கும் கருணை என்று எழுதிவிட்டுப் போய்விடும். தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர் தண்டனையைக் குறைத்தால்தான் 'க்ளெமன்சி'. அடிபட்ட நாய்க்குட்டியிடம் ஒரு சிறுமி காட்டும் கருணைக்கு அதைப் போட்டால், சிவப்பு மை வரத்தான் செய்யும். அதே குடும்பத்துச் சொல்லான 'இன்க்ளெமன்ட்' பெரும்பாலும் மனிதருக்கு வராது. மழையும் குளிர்காற்றுமாக வாட்டும் வானிலைக்கு வரும்.

ஆகவே சொல்லை அதன் கூட்டாளிகளோடு, அதாவது வழக்கமாக அதனுடன் சேர்ந்து வரும் சொற்களோடு, சேர்த்துப் படியுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இருக்கின்றன. எளிய சொற்களால் விளக்கி, எடுத்துக்காட்டு வாக்கியமும் தருபவை. முதலில் அந்த வாக்கியங்கள். பிறகு விளக்கம். தமிழ்ப் பொருள் கடைசியில். 'அலீவியேட்' என்றால் 'தணித்தல்' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். வலி, வறுமை, துன்பம் ஆகியவற்றோடு அது வரும். தாகம் தணிக்க 'க்வென்ச்', கோபம் தணிக்க 'மாலிஃபை'. தமிழில் ஒரே வினை, ஆங்கிலத்தில் மூன்று.

பத்து நாளில் பாதி மறந்துவிடுகிறது. தினமும் முதலிலிருந்து திருப்பிப் பார்க்க நேரமில்லை.
– வாசகர், நாகர்கோவில்

முதலிலிருந்து பார்க்கவே வேண்டாம். மறதி முதல் ஓரிரு நாளில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் நடக்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்துக் காட்டினார். திருப்புதலின் இடைவெளியும் அதற்கேற்ப நீள வேண்டும். லைட்னர் பெட்டி முறை இதைத்தான் செய்கிறது. அட்டைப் பெட்டியில் ஐந்து அறை பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு எழுதி முதல் அறையில் போடுங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை நான்கு நாளைக்கு, நான்காவதை வாரத்துக்கு, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்கு நகரும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். கைப்பேசியில் 'அங்கி' செயலி இதே வேலையைச் செய்யும்.

சீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ் என்று எழுதினால் பார்த்ததும் 'தெரியும்' என்று தோன்றும்; எழுத உட்கார்ந்தால் வராது. முன்பக்கம் ஒரு முழு வாக்கியத்தை எழுதி, சொல் வரும் இடத்தில் அதன் முதல் எழுத்தை மட்டும் எழுதி, மீதியைக் கோடாக விடுங்கள். பின்பக்கம் சொல், உச்சரிப்பு, இரண்டு கூட்டாளிகள். சொல்லை நீங்களே தேடி எடுக்க வேண்டும். அந்தச் சிரமம்தான் நினைவில் நிறுத்துகிறது.

நாளுக்கு 7 புதுச் சொல் போதும், வாரத்தில் ஆறு நாள். அகர வரிசையில் படிக்காதீர்கள். மருந்து எழுதித் தரும் 'ப்ரிஸ்க்ரைப்', தடை விதிக்கும் 'ப்ரொஸ்க்ரைப்' இரண்டையும் ஒரே நாளில் படித்தால் ஆயுசுக்கும் குழப்பம். ஒன்று மூன்றாம் அறைக்குப் போன பிறகு மற்றதைத் தொடுங்கள்.

லத்தீன், கிரேக்க வேர்களைப் படித்தால் ஊகித்துவிடலாம் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

நினைவில் நிறுத்த அருமையான துணை. ஊகிக்க மட்டும் நம்பாதீர்கள். 'ஸ்பெக்ட்' என்றால் பார்த்தல். 'ரெட்ரோஸ்பெக்ட்' பின்னோக்கிப் பார்ப்பது. 'சர்க்கம்ஸ்பெக்ட்' சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர், அதாவது எச்சரிக்கையானவர். நம் பேச்சு வழக்கோடு அப்படியே ஒட்டுகிறது. 'லொக்' என்பது பேச்சு: 'லொக்வேஷியஸ்' ஓயாமல் பேசுபவர், 'எலொக்வென்ட்' நாவன்மை உள்ளவர், 'சொலிலொக்வி' நாடகத்தில் வரும் தனிமொழி.

ஆனால் 'மால்' என்றால் தீயது என்று படித்துவிட்டு 'மேலியபிள்' என்பதைக் கெட்டவர் என்று எழுதுகிறார்கள். அதன் வேர் சுத்தியல். அடித்து வளைக்கத்தக்கது என்று பொருள். 'இன்' வந்தாலே எதிர்மறை என்பதும் ஆபத்து. 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய டேங்கர் லாரி தீப்பிடிக்காதது அல்ல, எளிதில் தீப்பிடிப்பது. வேரை வைத்து ஊகித்த எதையும் அகராதியில் பார்த்த பிறகே சீட்டில் ஏற்றுங்கள்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பாடநூலும் ஆய்வுக் கட்டுரையும் வாசிக்க, நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 570 சொற்குடும்பப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்ததே ஒரு சொற்குடும்பம். அடிக்கடி வருபவை முதலில் இருக்கும்படி 10 பிரிவாகப் பிரித்திருக்கிறார். அகராதி இல்லாமல் நாவலும் நாளிதழும் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் தேவை என்பது மொழியியலாளர் பால் நேஷனின் கணக்கு. அடிப்படைச் சொற்களும் அதில் அடக்கம்.

எழுத்தில் தெரிந்த சொல்லை நேர்காணலில் தப்பாக உச்சரித்துவிடுகிறேன்.
– வாசகர், புதுச்சேரி

கண்ணால் மட்டும் படித்ததன் விளைவு இது. 'இபிட்டமி'யை 'எபிடோம்' என்றும், 'ஹைப்பர்பலி'யை 'ஹைப்பர்போல்' என்றும் சொல்பவர் பலர். இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. கடைசி எழுத்து ஒலிக்கும். மாறாக, குற்றம் சாட்டும் 'இன்டைட்' என்ற சொல்லில் எழுத்தில் உள்ள 'க்' ஒலிக்காது. சீட்டு எழுதும் அன்றே இணைய அகராதியின் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டி மூன்று முறை கேளுங்கள். எந்த அசை அழுந்துகிறதோ அதன் கீழே கோடிடுங்கள். பிறகு வாய்விட்டு, தனிச் சொல்லாக அல்ல, சீட்டில் உள்ள வாக்கியம் முழுவதையும் சொல்லுங்கள்.