கேள்வி-பதில்: சின்ன ஸ்போர்ட்ஸ் பைக், பெரிய ஆசைகள்

கேள்வி: என்னுடைய 250 சிசி பைக்கில் பின் மட்கார்டு நீளமாகத் தொங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு டெயில் டைடி (நம்பர் பிளேட்டையும் இண்டிகேட்டரையும் பிடிக்கும் குட்டையான பிராக்கெட்) போட விரும்புகிறேன். நானே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரு ஸ்பேனர் செட், ஆலன் கீ, கொஞ்சம் பொறுமை போதும். சீட்டையும் பக்க பேனல்களையும் கழற்றினால் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். ஒயரைப் பிடுங்குவதற்கு முன்பே இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், நம்பர் பிளேட் லைட் என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். இண்டிகேட்டர் ஒயர்கள் பல பைக்குகளில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

சிக்கல் மாட்டி முடித்த பிறகுதான் வரும். ஆள் உட்காராதபோது டயருக்கும் பிளேட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கி, டயர் பிளேட்டின் விளிம்பிலோ போல்ட் தலையிலோ உரசும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். டயருக்கு நேர் மேலே, பிராக்கெட்டின் அடியில், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு அப்பி, பின்னால் ஒருவரை உட்காரவைத்து மெதுவாக ஒரு வேகத்தடையைத் தாண்டுங்கள். களிமண் நசுங்கியிருந்தால் பிராக்கெட்டை மேலே ஏற்ற வேண்டும், அல்லது நீளமான போல்ட்டை மாற்றிக் குட்டையானதைப் போட வேண்டும்.

பிளேட் லைட்டையும் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் விட்டுவிடாதீர்கள். மழையில் சேறு முதுகிலும் ஷாக் அப்சார்பரிலும் அடிக்கும். சக்கரத்தை ஒட்டியிருக்கும் ஹக்கர் என்ற சிறிய மட்கார்டு ஒன்றையும் சேர்த்துப் போடுவது நல்லது.

கேள்வி: எல்இடி இண்டிகேட்டர் போட்டதும் படபடவென்று வேகமாக மின்னுகிறது. ரிலேயை மாற்றினால் நான்கும் சேர்ந்து மின்னுகின்றன. ஒயரிங்கில் தப்பா?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். பழைய பல்புகள் தலா 10 வாட் என்றால் ஒரு பக்கத்துக்கு 20 வாட். எல்இடி ஒன்று 1, 2 வாட்டுக்கு மேல் இழுக்காது. பல்பு எரிந்துபோய்விட்டது என்று, இண்டிகேட்டரை மின்னவைக்கும் ஃப்ளாஷர் ரிலே எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுகிறது. எல்இடிக்கென்றே வரும் ஃப்ளாஷர் ரிலே இதற்கு மருந்து. உங்கள் பைக்கில் இருப்பது இரண்டு பின்னா, மூன்று பின்னா என்று பார்த்து வாங்குங்கள். ரெசிஸ்டர் போட்டும் சரிசெய்யலாம், ஆனால் பல்பு தின்ற கரண்ட் முழுவதும் அதில் சூடாக வெளியேறும். ஃபேரிங் பிளாஸ்டிக்கில் ஒட்டிவைத்தால் பிளாஸ்டிக் உருகும். போட்டே ஆக வேண்டும் என்றால் உலோக ஃபிரேமில் இறுக்குங்கள்.

நான்கும் மின்னுவதற்குக் காரணம் மீட்டரில் உள்ள ஒற்றை இண்டிகேட்டர் விளக்கு. இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே அதை இணைத்திருப்பார்கள். அதன் வழியே எதிர்ப்பக்கம் கசியும் கரண்ட் பழைய பல்பை எரிக்கப் போதாது, எல்இடிக்குப் போதும். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடுகள் இரண்டு வாங்குங்கள். கோடு இல்லாத முனைகளில் ஒன்றை இடது ஒயரிலும் மற்றதை வலது ஒயரிலும் சேர்த்து, கோடு போட்ட முனைகள் இரண்டையும் ஒன்றாக்கி மீட்டர் விளக்கின் ஒரு காலில் கொடுங்கள். இன்னொரு காலை எர்த்தில் இணையுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அதிர்வில் கழன்றுவிடும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

கேள்வி: குட்டை லீவர்கள் மாட்டினேன். கொஞ்ச தூரம் ஓடியதும் முன் சக்கரம் இறுகுகிறது.

பதில்: உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். இந்த இதழில் வந்ததிலேயே ஆபத்தான விஷயம் இதுதான்.

பிரேக் லீவரை விட்டதும், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வர வேண்டும். அப்போதுதான் ரிசர்வாயருக்கு (பிரேக் ஆயில் டப்பாவுக்கு) போகும் சின்ன ஓட்டை திறக்கும். உங்கள் லீவரில் பிஸ்டனைத் தள்ளும் மூக்கு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் அந்த ஓட்டை மூடியே இருக்கலாம். சூட்டில் விரியும் பிரேக் ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும். அதனால் இன்னும் சூடு, இன்னும் அழுத்தம், கடைசியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

லீவரை விரலால் லேசாக ஆட்டுங்கள். பிஸ்டனைத் தொடுவதற்கு முன் கொஞ்சமாவது வெற்றாட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த லீவர் உங்கள் மாடலுக்கானதல்ல. பிஸ்டனை ராவாமல் லீவரை மாற்றுங்கள். லீவரை இழுக்கும்போதே பிரேக் லைட் எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும்.

கேள்வி: பின்னால் 140/70-17 டயர் இருக்கிறது. 160 போட்டால் கெத்தாக இருக்குமே?

பதில்: நிற்கும்போது இருக்கும். 140/70 என்றால் அகலம் 140 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம். 140/70க்கு உகந்த ரிம் அகலம் 4 அங்குலம், 160/60க்கு 4.5 அங்குலம். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூராகும். வளைவில் பைக் சாயத் தயங்கும். செயின் உரசவும் வாய்ப்புண்டு. 150/60 போடுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவர் உயரம் 98 மில்லிமீட்டரிலிருந்து 90க்கு இறங்குவதால் பைக்கின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் தாழும். பழைய 140/70 அளவிலேயே மென்மையான ரப்பர் கொண்ட நல்ல டயரை வாங்குங்கள். அந்தப் பணம் வீண் போகாது.

கேள்வி: நிறம் மாற்ற வினைல் ராப்பா (பேனலில் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்), பெயின்ட்டா?

பதில்: மனம் அடிக்கடி மாறும் என்றால் ராப். பேனல்களைக் கழற்றிக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். செயினுக்கு அடிக்கும் லூப்ரிகன்ட் பட்ட இடங்களை இரண்டு முறை துடையுங்கள். ஓரம் எழும்புவது பெரும்பாலும் அங்கேதான். விளிம்பை ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடக்கி ஒட்டி, ஹீட் கன்னால் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் வினைல் பழைய வடிவத்துக்குச் சுருங்க நினைக்காது. டேங்க்குக்கு மட்டும் பெயின்ட்டே சிறந்தது, அதுவும் ஹார்டனர் கலந்த இரண்டு பாகக் கிளியர் கோட்டோடு. சாதாரண ஸ்ப்ரே கேன் கிளியர் பெட்ரோல் சொட்டியதும் இளகிவிடும். ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால் சாதாரணத் துணி மாஸ்க் போதாது. அதற்குரிய சுவாசக் கவசமும் காற்றோட்டமும் இல்லையென்றால் பெயின்ட் கடையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயரமான விண்ட்ஸ்கிரீன் போட்டேன், போல்ட் ஓட்டையில் விரிசல்.

பதில்: அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள். போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷர் வைத்து, ரப்பர் நட்டில் கையால் திருகிப் பிடித்ததும் கால் சுற்றோடு நிறுத்துங்கள். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரை அதில் தெளிக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.