நீச்சல் குளத்தில் வராத மூச்சுத் திணறல் ஏரியில் ஏன் வருகிறது?

கேள்வி: நீச்சல் குளத்தில் நிற்காமல் 3 கிலோமீட்டர் நீந்துகிறேன். ஏரியில் முதன்முறை இறங்கியபோது 100 மீட்டருக்குள் மூச்சு முட்டி, துணைப் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 10 கிலோமீட்டர் கடல் நீச்சலில் கலந்துகொள்ள ஆசை. மூன்று மாதப் பயிற்சி, வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை), படகு, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். பணம் கட்டலாமா? எனக்கு இது சரிப்பட்டு வருமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சரிப்பட்டு வரும். 3 கிலோமீட்டர் நீந்துகிறவருக்கு 100 மீட்டரில் உடல்வலு தீர்ந்துபோக வழியில்லை. அன்று உங்களை நிறுத்தியது, பெரும்பாலும், நீரின் குளிர்ச்சிதான். நீச்சல் குளத்து நீர் பொதுவாக 27 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதைவிடப் பல டிகிரி குளிர்ந்த நீர் சட்டென்று தோலில் பட்டால், நம்மையும் மீறி மூச்சை ஆழமாக உள்ளிழுக்கிறோம். தொடர்ந்து மூச்சு இரைக்கிறது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. முதல் நிமிடத்தில் கடுமையாக இருக்கும் இந்த அதிர்ச்சி, இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கத் தொடங்கும். அந்த நிமிடங்களில்தான் நீங்கள் முகத்தை நீருக்குள் வைத்து, குளத்தில் பழகிய வேகத்தில் கைகளை வீசியிருப்பீர்கள்.

அடுத்த முறை குதிக்காதீர்கள். இடுப்பளவு நீரில் நின்று முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளி ஊற்றிக்கொள்ளுங்கள்; பிறகு மல்லாந்து மிதந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அருகில் நிற்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலில்லாமல் சொல்ல முடிகிற வரை நீந்தத் தொடங்க வேண்டாம். தொடங்கியதும், கால் எட்டும் ஆழத்தில், கரைக்கு இணையாக, மெதுவாகச் செல்லுங்கள். இப்படிச் சில நிமிடங்களுக்கு ஐந்தாறு முறை இறங்கி ஏறினாலே உடல் பழகி, அதிர்ச்சி கணிசமாகக் குறைந்துவிடும். தனியாக மட்டும் ஒருபோதும் இறங்காதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கரையில் நிற்பவர்கள் இதைத் தொடர்ந்து தவறாகப் புரிந்துகொள்வதால் விரிவாகவே சொல்கிறேன். நன்றாக நீந்திக்கொண்டிருந்தவருக்கு, சிறிது தூரம் கடந்த பிறகு, உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத் திணறல் வந்து, வேகத்தைக் குறைத்தும் அடங்காமல், இருமலும் நெஞ்சில் களகளவென்ற ஒலியும் சேர்ந்தால், அது பயமும் இல்லை, தண்ணீர் குடித்ததும் இல்லை. உடலுக்குள் இருக்கும் நீர்மமே நுரையீரலில் கசிந்து தேங்குகிறது. சளியில் இளஞ்சிவப்பு நுரை தெரிந்தால் ஐயமே வேண்டாம். உடனே உதவி கேட்டு வெளியேறி, வெட்சூட் அணிந்திருந்தால் அதைத் தளர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டாலும், இதயத்தைப் பரிசோதிக்காமல் மறுபடி நீரில் இறங்கக் கூடாது. ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரக்கூடும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதன்முதலில் இறங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

இனி அந்த ஏஜென்ட். அவர் தரும் வெட்சூட் உடம்பைச் சூடாக வைக்கும், மிதக்கவும் உதவும். ஆனால் கழுத்திலும் மார்பிலும் ஓர் அளவு சிறியதாக இருந்தால், நீங்கள் அஞ்சுகிற அதே திணறலை அதுவே உண்டாக்கும். வாங்குவதற்கு முன் அதை அணிந்து நீந்திப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

ஒழுங்கான அமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஆங்கிலக் கால்வாயைப் பாருங்கள். 1875-இல் மேத்யூ வெப் முதன்முதலாக நீந்திக் கடந்த, சுமார் 33 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த நீர்ப்பரப்பில், 1927 முதல் செயல்படும் சேனல் ஸ்விம்மிங் அசோசியேஷன் தனி நீச்சலுக்குப் பதிவு செய்ய வருகிறவரிடம், 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்தியதற்கான சான்றைக் கேட்கிறது. உங்கள் ஏஜென்டோ நீங்கள் எவ்வளவு நேரம் நீந்தியிருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை போலிருக்கிறது. நீந்துவதற்கு முன்பே சான்றிதழுக்கு விலை சொல்பவரிடம் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

படகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புப் படகு என்று கொண்டுவரப்பட்ட ஒன்றின் பக்கவாட்டு விளிம்பு ஆள் உயரத்துக்கு இருந்ததையும், அதில் ஏணியே இல்லாததையும் கண்டிருக்கிறேன். மயங்கியவரை அதில் எப்படி ஏற்றுவது? மருத்துவச் சான்றிதழ் என்ற தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள், ஆனால் அன்றைய நீரின் வெப்பநிலையைக் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. இந்த அலட்சியத்தை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? 2010-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். மற்றவர்கள் நீந்தி முடித்த பிறகே அவரைக் காணோம் என்று தெரிந்தது. அவ்வளவு தேர்ந்த வீரருக்கே அந்த நிலை என்றால், உங்கள் மீது யார் கண் வைத்திருப்பார் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு படகுக்கு எத்தனை நீச்சல்காரர்கள், உங்களை வெளியே எடுக்க முடிவு செய்பவர் யார், வானிலையால் நீச்சல் ரத்தானால் பணம் திரும்புமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பயிற்சிக்கு மூன்று மாதம் போதாது, ஓராண்டு வைத்துக்கொள்ளுங்கள். திசை பார்க்கக் கண்களை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து, மூச்சைப் பக்கவாட்டில் எடுக்கப் பழகுங்கள். தலை முழுதும் எழுந்தால் கால்கள் தாழ்ந்து வேகம் குறையும். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின் அரை மணிக்கு ஒருமுறை மாவுச்சத்துள்ள பானம் குடித்து, அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பயிற்சியிலேயே பாருங்கள். அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவாவிட்டால் உப்பு நீரில் தோல் உரிந்துவிடும். வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், பேச்சுக்கு முன் துடைத்து உடை மாற்றுங்கள்.

ஏஜென்டுக்கு இப்போது முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். திறந்த நீரில் 5 கிலோமீட்டரை இருமுறையாவது நிதானமாக முடித்த பிறகு, போட்டியை நடத்துபவர்களிடமே நேரடியாகப் பதிவுக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.