1:80 என்றால் டைபாய்டா?

கேள்வி: ஐந்து நாட்களாகக் காய்ச்சல். விடால் பரிசோதனையில் ‘ஓ’ 1:80 என்று முடிவு வந்திருக்கிறது. இதை மட்டும் வைத்து டைபாய்டு என்று சொல்ல முடியாது, இரத்தக் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து விடாலை மறுபடி எடுங்கள் என்கிறார் மருத்துவர். கையில் ஒரு முடிவு இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரி. அந்தத் தாளில் இருப்பது கிருமியின் கணக்கு என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. இரத்தத்தை உறைய விட்டால் தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நீரே சீரம்; ஊநீர் என்றும் சொல்வார்கள். ஆய்வகம் அதில் தேடுவது டைபாய்டு பாக்டீரியாவை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை.

1896-இல் பாரிசில் பெர்னான் விடால் இந்த முறையை அறிவித்தார். அடிப்படை இன்றும் மாறவில்லை. சீரத்தை உப்புநீரில் 20, 40, 80, 160 மடங்கு என்று இரட்டித்து நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழாயிலும் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களின் கலங்கலைச் சேர்த்து, உடல் வெப்பத்தில் வைத்திருந்து பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் போதிய அளவில் இருந்தால் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்: பாக்டீரியா நீந்த உதவும் இழைக்கு எதிரானதைத் தேடும் ‘எச்’ குழாயில் பஞ்சுத் துணுக்குகள் போல, அதன் மேற்சுவருக்கு எதிரானதைத் தேடும் ‘ஓ’ குழாயில் குருணை குருணையாக. இல்லையென்றால் அவை அடியில் சிறு பொத்தான் போலப் படிந்துவிடும். உங்கள் சீரம் 80 மடங்கு நீர்த்த பிறகும் திரட்டியது, 160-இல் திரட்டவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள்.

எதிர்ப்பொருள் கண்டறியும் அளவுக்குப் பெருக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே ஐந்தாம் நாளில் உண்மையான டைபாய்டு நோயாளிக்கும் விடால் ஒன்றும் காட்டாமல் போகலாம். மறுபுறம், முன்பு எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, டைபாய்டுக் கிருமியின் உறவுக் கிருமிகள் ஆகியவற்றால் உண்டான எதிர்ப்பொருளும் இதே குழாயில் திரட்டிக் காட்டும். இந்நோய் அதிகமுள்ள பகுதிகளில் முழு ஆரோக்கியத்துடன் நடமாடுபவரிடமும் 1:80 தென்படுவது உண்டு. எனவேதான் ஓர் எண்ணை நம்பாமல் ஏற்றத்தைப் பார்க்கிறார்கள். 80 என்பது 320 ஆனால், அதாவது நான்கு மடங்கானால், உடல் இப்போதுதான் போராடுகிறது என்று கொள்ளலாம். 160 ஆனால் போதாது. ஒரு குழாய் முன்பின் ஆவது ஒரே சீரத்தை இருமுறை சோதித்தாலும் நேரக்கூடிய பிசகுதான். நல்ல ஆய்வகங்கள் முதல் சீரத்தை உறைநிலையில் வைத்திருந்து, இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகச் சோதிப்பது இந்தப் பிசகைக் குறைக்கவே. சிகிச்சை இதற்காகக் காத்திருக்காது. கிருமியையே வளர்த்துக் காட்டும் கல்ச்சருக்கு முதல் வாரமே ஏற்ற காலம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரத்தம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த மூன்று மாதக் குழந்தைக்கு எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கும் தொற்று என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும். அது முழுவதும் மறைய 18 மாதம் வரை ஆகலாம். அதற்குள் உண்மையை அறிய வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் வகைச் சோதனையே வேண்டும்.

கேள்வி: கர்ப்பகாலப் பரிசோதனையில் என் மனைவிக்கு வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று வந்தது. பிறகு டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனை எடுத்து, பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோய் இல்லை என்றார்கள். இதற்கிடையில் வீட்டில் பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டோம். எது பொய்?

பதில்: இரண்டும் பொய்யில்லை, இரண்டும் தேடும் பொருள் வேறு. 1906-இல் வாசர்மன் குழுவினர் சிபிலிஸ் சோதனையை உருவாக்கியபோது, அந்நோயால் இறந்த சிசுவின் கல்லீரலிலிருந்து சாறு எடுத்தார்கள், அதில் கிருமி நிறைய இருக்கும் என்று. பின்னர் நோயற்ற திசுவின் சாறும் அதே வேலையைச் செய்வது தெரியவந்தது! வினைபுரிந்தது கிருமியோடு அல்ல, திசுவிலிருந்த கொழுப்புப் பொருளோடு. 1941-இல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் கார்டியோலிபின் என்று பெயரிட்டார். வி.டி.ஆர்.எல். சோதனையில் இன்றும் அதுவே பயன்படுகிறது. திசு சிதையும் வேறு நிலைகளிலும் இதற்கு எதிர்ப்பொருள் தோன்றலாம். உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் லூபஸ் நோய், மலேரியா, சில சமயம் கர்ப்பம்கூடக் காரணமாகும். டி.பி.எச்.ஏ. சிபிலிஸ் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடுவதால், அதைக் கொண்டு உறுதிசெய்யும் முன் நோயின் பெயரை உச்சரிப்பதே தவறு. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் வி.டி.ஆர்.எல். எதற்கு என்று கேட்பீர்கள். உண்மையில் நோய் இருந்து சிகிச்சை பெற்றவரிடம் அதன் அளவு படிப்படியாகக் குறையும். மருந்து பலித்ததா என்று அதை வைத்தே பார்க்கிறார்கள். டி.பி.எச்.ஏ.-வோ, குணமான பிறகும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும்.